கனடாவில் கஞ்சா: தட்டுப்பாடா, தேக்கமா?

இழையைத் தொடங்கியவர் | 14 ஜனவரி 2024

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கிறது. அந்த மாதமே கடைகளில் சரக்கு இல்லை என்று செய்தி. மூன்று வருடம் கழித்து, 2021ல் மட்டும் விற்காமல் கிடந்த 4 லட்சம் கிலோவுக்கு மேல் அழித்தார்கள் என்று இன்னொரு செய்தி. விதையிலிருந்து விற்பனை வரை கிராம் கிராமாகக் கணக்குக் கேட்கிற அரசு அது. யார் பயிரிடலாம், யார் விற்கலாம் என்று முடிவு செய்வதும் அதுதான். இவ்வளவு பிடி இருந்தும் தேவைக்கு ஏற்றபடி விளைவிக்க முடியவில்லை என்றால், ஒன்று அதிகாரிகளுக்குக் கணக்குத் தெரியாது, இல்லையென்றால் வேண்டுமென்றே செய்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு கிலோ என்று கோட்டா போட்டால் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. தவறா?

14 ஜனவரி, இரவு

பாதி தவறு. 2019 கோடையிலிருந்து 2021 கடைசி வரை ஒன்டாரியோ மாகாணத்தில் லெமிங்டன் பக்கம் ஒரு கஞ்சா கிரீன்ஹவுஸில் இருப்புக் கணக்குப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் 4 லட்சம் கிலோவில் சில நூறு கிலோவுக்கு என் கையெழுத்து இருக்கிறது. காலை ஷிப்ட், நாளைக்கு எழுதுகிறேன்.

15 ஜனவரி

முதலில் 2018. அப்போது கடையில்தான் சரக்கு இல்லை, கிடங்கில் இருந்தது. நான் சேர்ந்தபோது பழைய ஆட்கள் சொன்ன கதைகளில் பாதி, அறையில் காய்ந்து கிடந்த கஞ்சா மொட்டைப் பொட்டலமாக்கி வெளியே அனுப்ப முடியாமல் திண்டாடியது பற்றித்தான். ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி நிறத்தில், வரி கட்டியதைக் காட்டும் கலால் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அந்த ஸ்டாம்ப் முதலில் பசை இல்லாமல் வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். பல கோடி டாலர் போட்டுக் கட்டிய இடத்தில் ஆட்கள் உட்கார்ந்து கோந்து தடவியிருக்கிறார்கள்.

வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. கடை காலி, அவ்வளவுதான். கியூபெக்கில் அரசே நடத்தும் கடைகள் வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை மூடிக் கிடந்தன. ஆல்பர்ட்டா 2018 நவம்பரில் புதுக் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுப்பதையே நிறுத்தி, அடுத்த மே மாதம்தான் திரும்ப ஆரம்பித்தது. ஒன்டாரியோவில் சுமார் 1.4 கோடி ஜனம். அங்கே குலுக்கல் போட்டு 25 கடைக்கு அனுமதி. சரக்கு போதாது என்பதுதான் சொன்ன காரணம். அந்த 25 கடையும் 2019 ஏப்ரல் 1 அன்று திறந்தன. அதுவரை அரசின் ஆன்லைன் கடை ஒன்றுதான்.

அதே நேரத்தில், 2017லும் 2018லும் கட்ட ஆரம்பித்த பெரிய கிரீன்ஹவுஸ்கள் ஒவ்வொன்றாகத் தயாராகின. சரக்கு வந்தபோது விற்கக் கடை இல்லை. 2020ல் ஒன்டாரியோ குலுக்கலை விட்டுவிட்டுக் கடைகளைத் திறந்துவிட்டபோது சரக்கு பழசாகிவிட்டது. அதிகாரிகளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஒருவர் இந்த வருடக் கணக்கைப் பார்த்தார், இன்னொருவர் அடுத்த வருடக் கணக்கைப் பார்த்தார். பயிரிடும் லைசென்ஸ் மத்திய அரசு கொடுப்பது, கடை லைசென்ஸ் மாகாணம் கொடுப்பது.

15 ஜனவரி, பின்னிரவு

மேலே இரண்டு பிழை. கியூபெக் கடைகள் மூடியது திங்கள் முதல் புதன் வரை, வியாழன் திறந்திருந்தன. ஒன்டாரியோவில் ஏப்ரல் 1 அன்று 25ம் திறக்கவில்லை, பத்துதான் திறந்தன. திறக்கத் தாமதமானால் அபராதம் என்று மிரட்டியும் அவ்வளவுதான்.

19 ஜனவரி

"பழசாகிவிட்டது" என்றால் என்ன, அரிசி பழசானால் நல்லதுதானே என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேலி. விளக்குகிறேன்.

தாய்ச்செடியிலிருந்து தண்டு வெட்டி, வேர் பிடிக்கவைத்து, வளர்த்து, பிறகு தினம் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு கொடுத்துப் பூக்கவைத்து, அறுத்து, தொங்கவிட்டு உலர்த்தி, பதப்படுத்திப் பரிசோதனைக்கு அனுப்பி முடிக்க எங்கள் இடத்தில் நாலு மாதம் ஆகும். அதற்குப் பிறகு மொட்டு நாளுக்கு நாள் மணம் இழக்கும், ஈரம் போகும், போதை தருகிற டி.எச்.சி.யும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடைக்கு வருகிறவர்கள் இரண்டே விஷயம் பார்ப்பார்கள்: டி.எச்.சி. சதவீதம், பொட்டலம் கட்டிய தேதி. 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சீந்த ஆளில்லை. எங்கள் பெட்டகத்தில் 14 சதவீதச் சரக்கு பை பையாக இருந்தது. கணக்குப் புத்தகத்தில் அதுவும் கிலோதான், நேற்று அறுத்த 24 சதவீத மொட்டும் கிலோதான்.

அதனால் கோட்டாக்காரருக்கு என் முதல் கேள்வி: எந்தக் கிலோவுக்குக் கோட்டா போடுவீர்கள்?

2020 குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மின்னஞ்சல் வந்தது நினைவிருக்கிறது. ஒன்றில், ஆர்டரை நிரப்ப முடியவில்லை, நல்ல சரக்கு பற்றாக்குறை என்று விற்பனைப் பிரிவு கத்துகிறது. இன்னொன்றில், பெட்டகத்தில் இடம் இல்லை என்று பாதுகாப்புப் பிரிவு. இரண்டும் உண்மை.

20 ஜனவரி

கேட்டதால் சொல்கிறேன்: இல்லை, ஊழியர்களுக்கு இலவசம் கிடையாது. வாசலில் தினமும் சோதனை. கையுறையில் ஒட்டிய பிசினைக்கூடச் சுரண்டி எடை போட்ட மேற்பார்வையாளரைப் பார்த்திருக்கிறேன். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

3 பிப்ரவரி

அழித்ததைப் பற்றி இன்னும் எழுதவில்லை.

மரத்தூளும் தண்ணீரும் கலந்து, யாரும் திரும்ப எடுத்து உபயோகிக்க முடியாதபடி கூழாக்கி, அப்புறம் உரக்குழிக்கு அனுப்புவோம். சும்மா கொட்டிவிட முடியாது. சாட்சிக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும், எடை எழுத வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேலே கேமரா. முதல் முறை கைகூசியது. நாலாவது முறை மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன்.

என் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா தக்காளி, முருங்கை போடுகிறவர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று வீட்டில் ரொம்ப நாள் "கிரீன்ஹவுஸ் கம்பெனி" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். பொய் இல்லையே. லெமிங்டன் தக்காளிக்குப் பேர்போன ஊர், சுற்றுலாத் தகவல் சாவடியைக்கூடத் தக்காளி வடிவத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கெட்சப் போட்ட ஹெயின்ஸ் ஆலை 2014ல் அங்கிருந்து போனது. கொஞ்ச காலத்தில் கஞ்சா வந்தது. அப்பா நான் தக்காளிக் குடிலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் உளறிவிட்டேன். போனில் நீண்ட அமைதி. பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏப்பா, கிலோ என்ன போகுது?"

அழிக்கிறோம் என்றதும் "ஆடு மாட்டுக்காவது போடலாம்ல" என்றார். சட்டத்தில் இடமில்லை என்றேன். "அப்ப எதுக்கு இத்தனை நாள் வச்சிருந்தீங்க? விலை விழுந்த அன்னைக்கே உழுதிருக்க வேண்டியதுதானே?"

அதற்கு எனக்குப் பதில் தெரிய ஒரு வருடம் ஆனது.

4 பிப்ரவரி

பதில் இதுதான். நேற்றே எழுதியிருப்பேன், தூக்கம் வந்துவிட்டது.

அப்பா தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுவார். பறிகூலியும் வண்டி வாடகையும் மண்டியில் கிடைக்கிற விலையைத் தாண்டினால் பறிக்க மாட்டார், மாட்டை மேயவிடுவார். முடிவு எடுக்க அரை நாள் போதும். ஏனென்றால் அவர் வயலில் நிற்கிற தக்காளியை யாரும் முன்கூட்டியே லாபம் என்று எழுதி வைக்கவில்லை.

கனடாவில் பங்குச் சந்தையில் இருந்த கஞ்சா நிறுவனங்கள் பன்னாட்டுக் கணக்கியல் விதிப்படி, வளர்கிற செடியை "உயிரியல் சொத்து" என்று காட்ட வேண்டும். செடி வளர வளர, விற்றால் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த ஏற்றத்தை அந்தக் காலாண்டு லாபக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். யாருக்கும் விற்கவில்லை, அறுக்கவும் இல்லை, ஆனாலும் லாபம்! இது திருட்டு இல்லை, விதியே அப்படி. கொடியில் விளைகிற திராட்சைக்கும் பண்ணை மாட்டுக்கும் அதே விதிதான். ஆனால் விலை பாதியாக விழுகிற ஒரு புதுச் சந்தையில் அது என்ன செய்யும்? அழித்தால் போன வருடம் காட்டிய லாபத்தை இந்த வருடம் நட்டமாக எழுத வேண்டும். எந்த மேலாளரும் அதைத் தன் காலாண்டில் செய்ய விரும்ப மாட்டார். அடுத்தவர் காலாண்டுக்குத் தள்ளுவார். 2021ல் அழித்தது 2021ல் விளைந்தது மட்டும் இல்லை, இப்படித் தள்ளித் தள்ளி வந்ததும் அதில் சேர்த்தி.

11 பிப்ரவரி

"முதலாளிகளுக்கு மூளை இல்லையா, இவ்வளவு கட்டினார்களே" என்ற கேள்விக்கு.

2018ல் பங்கு விலையை நிர்ணயித்தது விற்பனை இல்லை, சதுர அடி. யாரிடம் பெரிய கிரீன்ஹவுஸ் இருக்கிறதோ அவருக்குப் பணம். அந்த ஆகஸ்டில் ஒரு மதுபான நிறுவனம், கான்ஸ்டலேஷன், கனோபி க்ரோத் என்ற கஞ்சா நிறுவனத்தில் 500 கோடி கனடிய டாலர் போடுவதாக அறிவித்தது. எட்மன்டனில் அரோரா என்ற இன்னொரு கஞ்சா நிறுவனம் கட்டிய கூடம் மட்டும் 8 லட்சம் சதுர அடி. சந்தையில் ஐந்தில் ஒரு பங்கு நமக்குத்தான் என்று ஒவ்வொரு கம்பெனியும் கணக்குப் போட்டதாம், அப்படிக் கணக்குப் போட்ட கம்பெனி பதினைந்தாம். எங்கள் கேன்டீன் ஜோக் இது.

கனோபி 2020லேயே பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு கிரீன்ஹவுஸை மூடியது, சேர்த்து 30 லட்சம் சதுர அடி. அரோராவின் எட்மன்டன் கூடமும் பிறகு மூடப்பட்டது. எனக்குப் பிடித்த கதை ஸ்மித்ஸ் ஃபால்ஸ். ஹெர்ஷி சாக்லேட் ஆலை அந்தச் சிற்றூரை விட்டு 2008ல் போனது. காலிக் கட்டடத்தில் கனோபி வந்து உட்கார்ந்தது. 2023ல் கனோபி அதை விற்றது. வாங்கியது யார்? ஹெர்ஷி.

12 பிப்ரவரி

ஆமாம், இதே சாக்லேட் ஆலையில் கனோபி கஞ்சா சாக்லேட்டும் செய்தது. நீங்கள் எல்லாரும் அதையே கேட்பீர்கள் என்று தெரியும்.

25 மார்ச்

வரியைப் பற்றி ஒருவர் கேட்டார். கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

கலால் வரி கிராமுக்கு 1 டாலர், அல்லது உற்பத்தியாளர் விற்கும் விலையில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அது. இதை வகுத்தபோது விலை கிராமுக்கு 10 டாலர் இருக்கும் என்று எண்ணினார்கள், அப்போது இரண்டும் ஒன்றுதான். மொத்த விலை 3 டாலருக்கு இறங்கியபோதும் அந்த 1 டாலர் அப்படியே நின்றது. பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தக்காளி கிலோ 5 ரூபாய்க்கு விழுந்த அன்று மண்டியில் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

எதிர்ப்பக்கம் கள்ளச்சந்தை. 2019 கடைசியில் கனடாவின் புள்ளிவிவரத் துறை மக்களிடமே விலை கேட்டு வாங்கிய கணக்குப்படி, சட்டக் கடையில் கிராம் 10.30 டாலர், கள்ளச்சந்தையில் 5.73. அந்த இடைவெளியை மூட வேண்டுமென்றால் சட்ட விலை விழுந்தே ஆக வேண்டும். தேக்கம்தான் அதை விழவைத்தது. சென்ற வாரம் வெளிவந்த நிபுணர் குழு அறிக்கையிலும் கலால் முறையை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இத்தனை குழப்பத்துக்கும் மூலம் இந்த வரிதான்.

29 மார்ச்

நாலு நாள் யோசித்ததில், கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். தேக்கத்தை உண்டாக்கியது வரி இல்லை, அது 2019லேயே பெட்டகத்தில் இருந்தது. யார் மூடுவது என்பதைத்தான் வரி தீர்மானித்தது. கையில் முதலீட்டாளர் பணம் இருந்த பெரியவர்கள் நட்டத்தில் தாக்குப்பிடித்தார்கள், கலாலைப் பாக்கி வைத்துக்கூட ஓட்டினார்கள். நல்ல சரக்கு விளைவித்த சின்னவர்கள்தான் முதலில் போனார்கள். நான் வேலை பார்த்த இடம் இரண்டிலும் சேராது. நடுத்தரம். போனஸ் தருகிறேன் என்று சொன்ன மாதத்தில் எங்கள் பிரிவையே கலைத்தார்கள். அந்தக் கசப்பு மேலே எழுதியதில் கலந்திருக்கிறது, கழித்துப் படியுங்கள்.

6 மே

கோட்டாக்காரர் திரும்ப வந்திருக்கிறார். "உங்கள் கதை எல்லாம் சரி, கோட்டா போட்ட நாடு ஒன்றைக் காட்டுங்கள்" என்கிறார். இரண்டு காட்டுகிறேன்.

உருகுவே. அரசே விலை வைத்தது, இரண்டே நிறுவனத்துக்குப் பயிரிட அனுமதி, விரல் ரேகை பதிந்த குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் மட்டும் மருந்துக் கடையில் விற்பனை, மாதம் 40 கிராம் உச்சம். 2017 ஜூலையில் 16 மருந்துக் கடையில் ஆரம்பித்தார்கள், கிராம் 1.30 அமெரிக்க டாலர். தேக்கமே இல்லை. சரக்கும் இல்லை. வரிசையில் நிற்பார்கள், தீர்ந்துவிடும். அமெரிக்க வங்கி விதிகளுக்குப் பயந்து உள்ளூர் வங்கிகள் மருந்துக் கடைகளின் கணக்கை மூடுவோம் என்றதும் சில கடைகள் விலகிக்கொண்டன. தட்டுப்பாட்டை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்றால் கோட்டா வேலை செய்யும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். 2014 ஜூலையில் கடைகள் திறந்தபோது மாநிலம் முழுவதற்கும் 20 லட்சம் சதுர அடி பயிர்ப்பரப்பு என்று வரம்பு வைத்திருந்தார்கள். முதல் வாரங்களில் சரக்கே இல்லை, விலை எங்கோ போனது. ஒரு வருடத்துக்குள் தலைகீழாகிவிட்டது. நிலத்துக்குத்தானே வரம்பு? அதே சதுர அடியில் விளக்கைக் கூட்டி, ரகத்தை மாற்றி விளைச்சலை ஏற்ற முடியும். நம் ஊரில் ஏக்கருக்கு வரம்பு போட்டால் என்ன நடக்குமோ அதேதான்.

அப்போது மொத்தத்துக்கு வரம்பே போடாதவர்கள் பக்கத்து ஓரிகன் மாநிலம். 2019 தொடக்கத்தில் அவர்களுடைய உரிம ஆணையமே அறிவித்தது: கையிருப்பு ஆறரை வருடத் தேவைக்குப் போதுமாம். பக்கத்து மாநிலத்துக்கு ஒரு கிராம் அனுப்ப முடியாது, கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. இது எனக்குக் கனடாவைவிடப் பாவமாகத் தெரிகிறது. ஒட்டன்சத்திரம் தக்காளி கேரளாவுக்குப் போகக்கூடாது என்றால் எங்கள் ஊர் ஒரு சீசன் தாங்காது.

7 மே

இல்லை, நான் கோட்டாவுக்கு எதிரி இல்லை. எதற்கு வரம்பு வைக்கிறீர்களோ அதைச் சுற்றித்தான் ஆட்கள் வேலை செய்வார்கள் என்கிறேன். பரப்புக்கு வைத்தால் விளைச்சல் ஏறும். கிலோவுக்கு வைத்தால் டி.எச்.சி. ஏறும். டி.எச்.சி.க்கு வைத்தால்? கனடாவில் தின்பண்டப் பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் வரம்பு இருக்கிறது. அதைவிடக் காரமாக வேண்டும் என்பவர்கள் கள்ளச்சந்தைக்கே போகிறார்கள்.

2 ஜூலை

ஜெர்மனியில் நேற்று முதல் கஞ்சா கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு கழகத்தில் 500 உறுப்பினர் வரை, தலைக்கு மாதம் 50 கிராம் உச்சம், லாபம் கூடாது. உறுப்பினர்களுக்காக மட்டும் வளர்க்கலாம். இழையைத் தொடங்கியவர் மகிழ்ச்சி அடைவார் என்று குறிப்பிடுகிறேன். பங்குச் சந்தை இல்லாமல், சதுர அடிப் போட்டி இல்லாமல், சாப்பிடுகிற ஆளை எண்ணி உலை வைப்பது. அதிகபட்சம் எவ்வளவு என்று முன்பே தெரிந்துவிடுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சுற்றுலாப் பயணிக்கோ, எப்போதோ ஒரு முறை மட்டும் வேண்டும் என்பவருக்கோ அங்கே இடமில்லை. அவர்கள் எங்கே போவார்கள் என்று தெரிந்ததுதான்.

18 நவம்பர்

நாலு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. மேலே ஜெர்மனி பற்றி எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ஏப்ரலில் வந்த அதே சட்டம் மருத்துவக் கஞ்சாவுக்கான டாக்டர் சீட்டு வாங்குவதையும் சுலபமாக்கியது. கழகங்கள் மெதுவாகத்தான் வருகின்றன. ஜனம் சீட்டு வாங்கி மருந்துக் கடைக்குப் போகிறது. அந்தச் சரக்கு பெரும்பாலும் இறக்குமதி, அதில் கனடாவிலிருந்து போவதுதான் அதிகம்.

நேற்று என் பழைய சகா கூப்பிட்டார். நாங்கள் கூழாக்கிக் கொட்டிய அதே வளாகம் இப்போது வேறு கைக்கு மாறிவிட்டது. மூடிக் கிடந்த இரண்டு கூடத்தைத் திரும்பத் திறக்கிறார்களாம், எல்லாம் ஜெர்மனிக்கு. மொத்த விலை ஏறியிருக்கிறதாம், நல்ல மொட்டுக்கு ஆள் காத்திருக்கிறார்களாம். பெட்டகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறோம்" என்றார். இருப்புக் கணக்குக்கு ஆள் வேண்டுமாம்.

நான் இப்போது வின்ட்சரில் கார் உதிரிபாகக் கிடங்கில் இருக்கிறேன். இங்கே சரக்கு அழுகாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

19 நவம்பர்

அப்பாவிடம் சொன்னேன். எத்தனை கூடம் திறக்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு. பக்கத்துத் தோட்டக்காரர்கள் எத்தனை திறக்கிறார்கள் என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சகாவுக்கு இன்று மதியம் அதே கேள்வியைத்தான் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.